சம்பளம் கிடையாது, கிரெடிட் உண்டு!

டோம்பிவிலி ஸ்டேஷனில் காலை ஏழு மணி லோக்கலுக்கு நிற்கும் கூட்டத்தைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், இருபத்து மூன்று வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடமாகப் பார்த்துக் காத்திருக்கிறார். தோளில் பை. பையில் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. பட்ட மேற்படிப்பு மாணவி அவர். ஆனால் அந்த இரண்டு நாளும் அவர் கல்லூரிக்குப் போவதில்லை. குர்லாவில் இறங்கி ஸ்லோ வண்டி மாறி, சயானில் இறங்கி, தாராவிக்குப் போகிறார்.

அங்கே அவருக்குச் சம்பளம் கிடையாது. டீச் செலவுகூடக் கைக்காசுதான். அப்படியிருந்தும் அந்த இரண்டு நாளைத் தவற விட்டால், எழுத்துப் பரீட்சையில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் அவர் தேற முடியாது.

அவருடைய தந்தை திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். 1984ல், பதினேழு வயதில், சொந்தக்காரர் ஒருவரின் விலாசம் எழுதிய இன்லண்டு லெட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறியவர். தாராவியில் தோல் பட்டறை ஒன்றின் பரண் மீது எட்டுப் பேரோடு படுத்து, பகலில் அதே பட்டறையில் வேலை பார்த்து, இரவுப் பள்ளியில் எஸ்.எஸ்.சி. முடித்தார். பிறகு டைப் அடிக்கப் படித்து, மஸ்ஜித் பந்தரில் ஒரு லாரி சர்வீஸ் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். இன்றும் அதே கம்பெனி, அதே நாற்காலிதான். 2006ல் கடன் வாங்கி டோம்பிவிலியில் ஒரு ரூம் கிச்சன் வாங்கினார். தாராவியை விட்டு வெளியேறிய அந்தத் தேதி அவர் வீட்டில் ஒரு பண்டிகைத் தேதி மாதிரி.

மகள் பி.ஏ. முடித்து, எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலைப் படிப்பில் சேர விரும்பியபோது அவர் தடை சொல்லவில்லை. பிராவிடண்டு பண்டிலிருந்து பணம் எடுத்துப் பீஸ் கட்டினார். கல்லூரி திறந்து சில வாரங்களில் மாணவர்களுக்குக் களப்பணி இடங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்குக் கோர்ட்டு. இந்தப் பெண்ணுக்கு விழுந்தது தாராவியில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனம். தமிழ் தெரியும் என்பதே அதற்குக் காரணம்.

"ஏம்மா, நான் தப்பிச்சு வந்த எடத்துக்கா உன்னைய அனுப்புதாவ? இதுக்கா பீஸ் கெட்டினேன்?" என்றார் தந்தை.

"இதுவும் பாடம்தாம்ப்பா. இதுக்குத் தனியா கிரெடிட் உண்டு" என்றார் மகள்.

கிரெடிட் என்ற சொல்லை லாரி ஆபீஸ் குமாஸ்தா வேறு அர்த்தத்தில் அறிந்தவர். சரக்கு முன்னால் போகும், பணம் பின்னால் வரும். சில சமயம் வராமலே போகும். அன்று இரவு வீட்டில் பேச்சு இல்லை.

முப்பது மணிக்கு ஒன்று

இந்தத் தந்தையின் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. எம்.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ., எம்.சி.ஏ., பி.எட்., சட்டம் என்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று இதே கேள்விதான். கல்லூரிக்குக் கட்டணம் கட்டிவிட்டு, பிள்ளை வெளியே போய் யாருக்கோ இலவசமாக வேலை செய்கிறானே, இது என்ன படிப்பு?

முன்பு படிப்பைப் பேப்பர் கணக்கில் அளந்தார்கள். எட்டுப் பேப்பர், பேப்பருக்கு நூறு மார்க். இப்போது மணிக்கணக்கில் அளக்கிறார்கள். 2023ல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி, ஒரு மாணவர் ஓர் ஆண்டில் 1200 மணி நேரம் கற்பதாகக் கணக்கு. அதற்கு 40 கிரெடிட். ஆக, முப்பது மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட். கற்பது என்றால் வகுப்பில் உட்கார்ந்து கேட்பது மட்டுமல்ல. ஆய்வுக்கூடத்தில் நிற்பதும், களத்தில் நடப்பதும், ஓர் ஆபீஸில் உட்கார்ந்து பழகுவதும் அந்த மணிக்கணக்கில் சேரும். சேர வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. கற்றதை யாராவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பெண்ணின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஏழு மணி. பதினைந்து வாரம் கொண்ட ஒரு செமஸ்டரில் 210 மணி. முப்பதால் வகுத்தால் ஏழு வரும். ஆனால் எல்லா இடத்திலும் ஏழு கொடுப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. களப்பணிக்கு எத்தனை கிரெடிட் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சிலபஸ் புத்தகத்தில் அச்சடித்திருப்பதுதான் செல்லும்.

இப்படிச் சேரும் கிரெடிட்டைப் போட்டு வைக்க ஒரு பாங்கும் இருக்கிறது. 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்த 'அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' அது. பணம் போடுகிற பாங்கு அல்ல. மாணவர் தாமே அதில் எதையும் கட்டவும் முடியாது. கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஏற்றினால்தான் கணக்கில் ஏறும். ஏறிய கிரெடிட் ஏழு ஆண்டு வரை செல்லும். கல்யாணம், வேலை மாற்றம், குடும்பக் கஷ்டம் என்று படிப்பை நடுவில் விட்டவர்கள் திரும்பி வந்து தொடர அது உதவும் என்பது ஏற்பாடு. பிழைப்புக்காக ஊர் ஊராக மாறும் நம்மவர் பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

நாக்பாடாவில் தொடங்கியது

இன்டர்ன்ஷிப் என்ற சொல் நம் காதுக்குப் புதிது. ஆனால் வெளியே அனுப்பிப் படிக்க வைக்கும் முறை மும்பைக்குப் புதிதல்ல. சமூகப் பணிக்கு இந்தியாவிலேயே முதல் பட்ட மேற்படிப்புப் பள்ளி தோன்றியது இந்த நகரத்தில்தான். 1936ல் சர் தொராப்ஜி டாடா பெயரால் ஏற்பட்ட பள்ளி அது. அதன் முதல் டைரக்டர் கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார். பைகுல்லா பக்கம் நாக்பாடாவில், ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழும் இடத்தில், 'நெய்பர்ஹூட் ஹவுஸ்' என்றொரு நிலையத்தை அதற்கு முன்பே நடத்தி வந்தவர் அவர். பள்ளியும் அந்தக் கட்டடத்திலேயே தொடங்கிற்று. ஆக, ஜன்னலைத் திறந்தால் பாடம் தெரியும்.

மான்ஷார்ட்டுக்குப் பின் டைரக்டர் பொறுப்புக்கு வந்தவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. டாக்டர் ஜே.எம்.குமரப்பா. காந்தியடிகளோடு கிராமத் தொழில்களுக்காக உழைத்த, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவின் உடன்பிறந்தவர். 1944ல் பள்ளியின் பெயர் டாடா சமூக அறிவியல் கழகம் என்று மாறியது. 1954ல் தேவ்னாருக்குக் குடிபெயர்ந்தது. 1964ல் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது. 1955ல் நிர்மலா நிகேதன் கல்லூரியும் இதே நகரத்தில் தோன்றியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952லேயே சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்.

இந்தப் படிப்பில் வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் களம் என்பது கிரெடிட் என்ற பேச்சு வருவதற்கு வெகு முன்பே இருந்த வழக்கம். வகுப்பையும் களத்தையும் ஒரே வாரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. திங்களன்று படித்ததை செவ்வாயன்று சந்தில் பார்க்க வேண்டும். செவ்வாயன்று பார்த்ததை புதனன்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும். இரண்டு வருஷம் படித்து முடித்துவிட்டுப் பிறகு போய்ப் பார்த்தால், கேட்பதற்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

படிப்புக்காகப் போன இடத்தில் நிலைத்த காரியமும் நடந்திருக்கிறது. தனித்து நிற்கும் குழந்தைகளுக்கு உதவ 1098 என்ற டெலிபோன் எண் இருப்பது ஸ்டேஷன்களில் போஸ்டர் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1996ல் மும்பையில், இந்த டாடா கழகத்தின் களத் திட்டமாகத்தான் அது பிறந்தது. நாடு முழுவதும் பரவியது பின்னால். தாதரிலும் போரிபந்தரிலும் தென்னிந்திய வண்டிகள் வந்து நின்றதும், பெரியவர் துணையின்றி இறங்கி விழிக்கும் சிறுவர்களை ரயில்வேக்காரர்கள் அன்றும் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். அந்தச் சிறுவனிடம் "ஊர் எது தம்பி?" என்று தமிழில் கேட்க ஓர் ஆள் இருந்தால் அவன் அழுகை பாதி அடங்கும்.

நோட்டில் விழுந்த சிவப்பு மை

தாராவிக்குப் போன பெண்ணுக்கு முதல் மாதம் முழுவதும் வேலையே கொடுக்கவில்லை. நடக்கச் சொன்னார்கள். எந்தச் சந்தில் எத்தனை குழாய், தண்ணீர் எப்போது வருகிறது, பொதுக் கழிப்பிடம் எங்கே, இட்லிக் கூடை சுமந்து போகிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொன்னார்கள். மாலையில் வீடு திரும்பி, அன்று நடந்ததை நோட்டில் எழுத வேண்டும். எதற்காகப் போனாய், என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அதைக் கேட்டு நீ என்ன நினைத்தாய், அடுத்த முறை என்ன செய்யப் போகிறாய்: இத்தனையும் அதில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை கல்லூரி ஆசிரியை அந்த நோட்டை வரி வரியாகப் படித்து, மாணவியைத் தனியே உட்கார வைத்துப் பேசுவார். களத்தில் நிறுவனத்துப் பொறுப்பாளர் ஒருவர் தினமும் வருகையில் கையெழுத்துப் போடுவார்.

இரண்டாவது மாதம் ஒரு பாட்டி வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டிய விதவை. தெற்கத்திச் சீமைக்காரர். முப்பது வருஷம் தோல் பட்டறையில் பசையும் அமிலமும் தொட்ட கை. ரேஷன் கடையில் மெஷின் மீது கட்டை விரலை வைத்தால் ரேகை விழுவதில்லை. கார்டு சரியாக இருக்கிறது, ஆதார் சரியாக இருக்கிறது, ஆள் உயிரோடு எதிரே நிற்கிறார். மெஷின் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 2023 முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசம். பாட்டிக்கு மூன்று மாதமாக அது கிடைக்கவில்லை.

ரேகை பதியவில்லை என்பதற்காகத் தானியத்தை மறுக்கக் கூடாது, ஓ.டி.பி. போன்ற வேறு வழியில் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. உத்தரவு இருக்கிறது, கடைக்காரருக்கு அதைச் சொல்வார் இல்லை. பாட்டியின் கார்டோடு இணைந்த மொபைல் நம்பரோ, எப்போதோ ஊருக்குப் போய்விட்ட மகனுடையது.

நம் மாணவி மறு யோசனை இன்றி ரேஷன் ஆபீஸுக்குப் போனார். மராத்தியில் மனு எழுதினார். நம்பர் மாற்றும் பாரத்தைத் தாமே பூர்த்தி செய்தார். இரண்டு முறை போனார். "அடுத்த வாரம் வா" என்றார்கள். மூன்றாம் முறை போனபோது, மனுவே வரவில்லை என்றார்கள்.

அன்று இரவுதான் வீட்டில் மௌனம் கலைந்தது. மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தந்தை விவரம் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"இன்வர்டு நம்பர் வாங்கினியா?"

மகள் விழித்தார்.

"ரெண்டு காப்பி கொண்டு போகணும். ஒண்ண அவன்ட்ட குடுத்துட்டு, இன்னொண்ணுல ரப்பர் ஸ்டாம்பு, தேதி, இன்வர்டு நம்பர் மூணும் வாங்கணும். அது இல்லன்னா நீ குடுத்தது பேப்பர் இல்ல, காத்து. எம்.ஏ. படிப்புல இதச் சொல்லித் தரலையா?"

முப்பது வருஷக் குமாஸ்தா அனுபவம் பேசிய பேச்சு அது. நான்காம் முறை ஸ்டாம்பு வாங்கி வந்தார் மகள். பத்து நாளில் நம்பர் மாறியது. ஓ.டி.பி. பாட்டியின் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனுக்கு வந்தது. தானியம் கிடைத்தது.

மாணவி இதை ஐந்து பக்கம் எழுதி, பெருமையோடு ஆசிரியையிடம் நோட்டைக் கொடுத்தார். திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் சில வரிகள் இருந்தன. நீ இந்த இடத்திலிருந்து போன பிறகு, அடுத்த மனுவை இந்த அம்மாள் யாரிடம் கொண்டுபோவார் என்பது அதில் முக்கியமான கேள்வி. மகளுக்குக் கோபம். தந்தைக்கு அதைவிடக் கோபம். காரியம் முடித்துக் கொடுத்தவளைப் பாராட்டாமல் இது என்ன கேள்வி என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் மூன்றாம் நாள் மகள் வேறு மாதிரி போனார். அதே சந்தில் விரல் ரேகை விழாதவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டார். பதினொரு பேர் இருந்தார்கள். எல்லாம் தோல், சோப்பு, சிமெண்டு என்று கை தேய உழைத்தவர்கள். அவர்களை உட்கார வைத்து, மனு எழுதுவது எப்படி, இரண்டு காப்பி எதற்கு, ஸ்டாம்பு எங்கே விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். எழுதத் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரேஷன் ஆபீஸுக்கு அவர்களே போனார்கள். மாணவி வாசலில் நின்றார்.

பதினொரு பேரில் ஏழு பேருக்குக் காரியம் ஆனது. நான்கு பேருக்கு அந்த செமஸ்டர் முடியும் வரை ஆகவில்லை. ஆகாத நான்கையும் நோட்டில் எழுத வேண்டும், மறைத்தால் மார்க் போகும்! கல்லூரிப் படிப்பில் தோற்றதை எழுதி மார்க் வாங்கும் பாடம் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சர்ட்டிபிகேட் வியாபாரம்

இதற்கு நேர் மாறான கதையும் நம்மவர் வீட்டிலேயே நடக்கிறது. கல்யாணில் ஒர்க் ஷாப் தொழிலாளி ஒருவரின் மகன் எம்.பி.ஏ. படிக்கிறார். முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் நடுவே எட்டு வாரம் இன்டர்ன்ஷிப். பேர் போன கல்லூரிகளில் கம்பெனிகளே தேடி வந்து ஆளெடுத்துக் கைநிறையப் பணமும் கொடுக்கும். சாதாரணக் கல்லூரியில் படிக்கிறவன் கதை வேறு. "நீயே தேடிக்கொள்" என்று கல்லூரி சொல்லிவிடும். இந்தப் பையனும் தேடினார். செல்போனில் ஒரு விளம்பரம் கிடைத்தது. ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ் ஆறாயிரம் ரூபாய் கட்டினால் இடம் நிச்சயம், வீட்டிலிருந்தே செய்யலாம், முடிவில் கலர் சர்ட்டிபிகேட்.

தாயார் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். எட்டு வாரத்தில் வந்த வேலை, வாரம் ஒரு முறை சில வீடியோக்களைப் பார்ப்பதும், நண்பர்களை அதே விளம்பரத்துக்கு இழுத்து வருவதும். சர்ட்டிபிகேட் வந்தது. தங்க நிறப் பார்டர், இரண்டு கையெழுத்து. கல்லூரியில் வைவாவுக்கு வந்த பரீட்சகர் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் மேலதிகாரி யார், உனக்குக் கொடுத்த வேலை என்ன, நீ எழுதிய ரிப்போர்ட்டை அங்கே யார் படித்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்டார். பையனிடம் பதில் இல்லை. கிரெடிட் நிறுத்தி வைக்கப்பட்டது. மறு வருஷக் கோடையில் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. ஆறாயிரமும் போயிற்று, வேலைக்குச் சேர வேண்டிய இரண்டு மாதமும் போயிற்று.

குற்றம் பையன் மீது மட்டுமா? கட்டணம் வாங்கிக்கொண்டு, இடம் தேடும் பொறுப்பை மாணவன் தலையில் போடும் கல்லூரிக்கும் பங்குண்டு. இன்டர்ன்ஷிப் நடக்கும் மாதங்களுக்கும் சேர்த்துத்தான் கல்லூரி கட்டணம் வாங்குகிறது. அந்தக் கட்டணம் எதற்கு? இடம் பார்த்துக் கொடுப்பதற்கும், அங்கே ஒருவரைப் பொறுப்பாக்குவதற்கும், மாணவன் எழுதியதைப் படிப்பதற்கும்தான். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. நம்மவர்கள் கல்லூரி வாசலில் தயங்கி நிற்கிறார்கள். இங்கிலீஷ் வராதே என்ற கூச்சம். பிள்ளை சேரும் முன்பே கல்லூரியின் கடிதம் கையில் இருக்கிறதா, அங்கே கையெழுத்துப் போடும் ஆள் யார், எத்தனை மணி, எத்தனை கிரெடிட், முடிவில் பரீட்சை எப்படி என்று கேட்க இங்கிலீஷ் தேவையில்லை. பணம் கேட்கிற இடத்தில் இரண்டு மடங்கு கேட்க வேண்டும். வேலை கற்கப் போகிறவன் பணம் கட்டுவது எந்த ஊர் வழக்கம்?

மற்றப் படிப்புகளில் கணக்கு வேறு. இரண்டு வருஷ பி.எட். படிப்பில் 2014 விதிகளின்படி இருபது வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், அதில் பதினாறு வாரம் இரண்டாம் ஆண்டில். டிகிரி முடித்துச் சேரும் மூன்று வருஷச் சட்டப் படிப்புக்கு 2008 பார் கவுன்சில் விதிப்படி குறைந்தது பன்னிரண்டு வாரம் வக்கீலிடமோ கோர்ட்டிலோ சட்ட உதவி மையத்திலோ பழக வேண்டும். தபாலில் படிக்கிறவர்களும் தப்ப முடியாது. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பிலும் களப்பணி கட்டாயம். ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே அதைப் படிப்பவர்கள் லீவு நாளையெல்லாம் அதற்கே கொடுக்கிறார்கள்.

"நான் பார்க்கும் வேலையையே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்கும் குமாஸ்தாக்களும் உண்டு. நியாயமான கேள்வி. வேலை அனுபவத்துக்கும் சோதித்துப் பார்த்துக் கிரெடிட் தரலாம் என்று தேசியக் கட்டமைப்பு இடம் கொடுக்கிறது. சேரும் பல்கலைக்கழகம் அதை ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. (இரண்டு காப்பி!)

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதாமாதம் பணம் தருகிறார்களே, அதில் மகளைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது முழு நேரப் படிப்பில் இல்லாத இளைஞர்களுக்கென வந்த திட்டம். கல்லூரி கிரெடிட்டோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. தொடங்கியபோது வெளியான விதிகளின்படி எம்.பி.ஏ. போன்ற மேற்படிப்பு முடித்தவர்களுக்கு இடமில்லை. வீட்டில் ஒருவர் நிரந்தர அரசு ஊழியராக இருந்தாலும் இடமில்லை. ஆகவே ரயில்வேக் குடும்பங்கள் அதற்காக வரிசையில் நிற்க வேண்டாம்.

சீசன் டிக்கெட்டும் செவ்வாய்க்கிழமையும்

சம்பளமில்லாத படிப்பு என்றால் செலவில்லாத படிப்பு என்று அர்த்தமல்ல. மாணவர்களுக்கான சலுகை சீசன் டிக்கெட் வீட்டு ஸ்டேஷனுக்கும் கல்லூரி ஸ்டேஷனுக்கும் இடையேதான் செல்லும். களப்பணி இடம் அந்தத் தடத்துக்கு வெளியே இருந்தால் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டு, "படிக்கிற பிள்ளை சார்" என்று சொல்லிப் பயனில்லை. இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. வாரத்தில் இரண்டு நாள் டியூஷன் எடுத்தோ கடையில் நின்றோ சம்பாதிக்கக்கூடிய பிள்ளை அதை விட்டுவிட வேண்டியிருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாது. டோம்பிவிலிப் பெண் முன்பு வாங்கிய டியூஷன் பணம் நின்றதால், அவர் தாயார் பிளவுஸ் தைப்பதை வாரத்துக்கு நான்கு கூட்டிக்கொண்டார். ஆந்திராவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பாடு இன்னும் கஷ்டம். கிரெடிட் கொடுக்கும் கல்லூரிகள் போக்குவரத்துச் செலவையாவது ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இதற்குள் வீட்டில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. செவ்வாய் இரவும் வியாழன் இரவும் தந்தை, மகள் வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கிறார். நேராகக் கேட்க மாட்டார். "தொண்ணூறு அடி ரோட்டுல அந்த மூலைக் குழாய் இருக்கா, எடுத்துட்டாங்களா?" என்பார். "பட்டறையெல்லாம் தானே குறைஞ்சிருக்கும்?" என்பார். மகள் வரைந்த சந்துப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். ஒன்று சரி. மற்றொன்று இருபது வருஷத்துக்கு முந்தைய சந்து. இப்போது அங்கே மாடிக் கட்டடம்.

செமஸ்டர் முடிவில் நோட்டு, மணிக்கணக்கு அட்டவணை, நிறுவனத்தின் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பைலாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தந்தையே உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, துளையிட்டு, டாக் கோத்துக் கொடுத்தார். ஒரு பக்கத்தில் பொறுப்பாளர் கையெழுத்து விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அந்த ஏழு மணி நேரத்துக்காக மகள் மறுநாள் மீண்டும் சயானுக்குப் போய் வந்தார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு மாதம் தொடர்ச்சியாக ஒரே இடத்தில் தங்கிப் பயிற்சி. மாணவர்கள் வெளி மாநிலத்திலும் இடம் கேட்கலாம். மகள் திருநெல்வேலி பக்கம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கல்லூரியின் பதில் இன்னும் வரவில்லை. தாதர் – திருநெல்வேலி எக்ஸ்பிரஸில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. முன்போல 120 நாள் இல்லை. தந்தை காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு டிக்கெட் எடுப்பதா, ஒன்றா என்பதுதான் வீட்டில் இப்போது பேச்சு.